கழித்துப் பார்த்த சிரிப்பு: ஹூஸ்டன் தாய்மார் மூளை ஆய்வு

2008-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த லேன் ஸ்ட்ராத்தேர்ன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலைப்பிள்ளை பெற்ற 28 தாய்மாரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அவரவர் குழந்தையின் முகத்தையும் முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். குழந்தைகளுக்கு 5 முதல் 10 மாத வயது. தன் குழந்தை சிரிக்கும் படத்தைப் பார்த்தபோது, இன்ப உணர்வோடு இணைத்துப் பேசப்படும் மூளை வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் மிகுந்த நடுமூளைப் பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. குழந்தையின் சிரிப்பு தாய்க்கு இயற்கை தரும் போதை என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த வரி ஆய்வில் அளந்ததைவிட அதிகமாகச் சொல்கிறது. ஆனால் ஆய்வு நல்ல ஆய்வு. எந்தப் படத்துக்கு மூளை காட்டிய எதிர்வினையிலிருந்து எந்தப் படத்துக்கானதைக் கழித்தார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. தாய்–குழந்தை மூளை ஆய்வுகளைப் படிக்கப் பழக இதைவிட வசதியான மாதிரி குறைவு. இந்தத் துறையில் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் முடிவுகளில் பல, கழித்த பொருள் வேறாக இருந்ததால் வந்தவைதான்.

படம் காட்டிய முறை

மொத்தம் 60 படங்கள், ஆறு வகை: தன் குழந்தை சிரிப்பது, சும்மா இருப்பது, அழுமூஞ்சியாக இருப்பது, பிறர் குழந்தைக்கும் இதே மூன்று. வகைக்குப் பத்துப் படம். வரிசை கலைத்துப் போட்டது. ஒவ்வொரு படமும் 2 விநாடி நிற்கும். அடுத்த படம் வர 2 முதல் 6 விநாடி வரை ஆகலாம்.

இந்த இடைவெளி ஏன் ஒரே அளவாக இல்லை? எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது மூளையின் செயல்பாட்டைக் காட்டும் வகை எம்.ஆர்.ஐ., நரம்பணுவின் வேலையை நேராக அளப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைத்தான் கருவி பிடிக்கிறது. அது உச்சம் தொட ஏறக்குறைய 5 விநாடி ஆகும், அடங்க இன்னும் பத்து விநாடிக்கு மேல். அதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது, இரண்டின் சுவடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால்தான் கணக்குப் போட்டு இரண்டையும் பிரிக்க முடியும். ஒரே தாளத்தில் வந்தால் பிரிக்கவும் முடியாது, அடுத்தது எப்போது வரும் என்று தாயின் மூளையும் முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

தாய்மார் அதுவரை பார்த்திராத படங்களையே காட்டினார்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தவறவிட்டால் ஆய்வே திசைமாறிவிடும். வீட்டு ஆல்பத்தில் இருக்கும் படத்தைக் காட்டினால், அந்த நாள், அந்த இடம், யார் எடுத்தது என்று நினைவு ஓடத் தொடங்கும். அப்போது கருவியில் பதிவது முகத்துக்கான எதிர்வினையா, நினைவைக் கிளறியதன் விளைவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

படம் எடுப்பதில்தான் பாதி வேலை

இதே மாதிரி ஓர் ஆய்வைத் திட்டமிடுவோர் கருவி நேரத்துக்குப் பணம் ஒதுக்குவார்கள், படமெடுக்கும் வேலைக்கு ஒதுக்க மறந்துவிடுவார்கள். ஆறேழு மாதக் குழந்தையைச் சிரிக்கவைப்பது எளிது. அழுமூஞ்சியைப் பிடிக்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மிகக் கடினம் இரண்டுமில்லாத முகம். குழந்தைக்கு அப்படியொரு முகம் ஒரு நொடிக்குமேல் தங்காது. அதனால் வீடியோவாக எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படங்களைப் பொறுக்குவது உசிதம். பொறுக்கிய படம் எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்பதை அந்தக் குடும்பத்துக்குத் தொடர்பில்லாத இரண்டு மூன்று பேராவது தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

அடுத்து வெளிச்சம், பின்னணி, உடை, முகத்தின் அளவு, பார்வை போகும் திசை. தன் குழந்தையின் படங்கள் ஜன்னலோரத்திலும் பிறர் குழந்தையின் படங்கள் ஸ்டுடியோ விளக்கிலும் எடுக்கப்பட்டிருந்தால், பின்மண்டையிலுள்ள பார்வைப் பகுதி வெளிச்ச வேறுபாட்டுக்கே எதிர்வினை காட்டும். அதைத் தாய்ப்பாசம் என்று எழுதிவிடக் கூடாது. தப்பிக்க ஒரு நல்ல உபாயம் உண்டு: முதல் தாயின் குழந்தையை இரண்டாம் தாய்க்குப் ‘பிறர் குழந்தை’யாகக் காட்டுவது, இரண்டாமவருடையதை மூன்றாமவருக்கு. இப்படிச் சங்கிலியாகப் போனால், மொத்தக் குழுவில் ஒவ்வொரு படமும் ஒருவருக்குத் தன் குழந்தை, இன்னொருவருக்குப் பிறர் குழந்தை. படத்தின் தரத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வு தானாக அடிபட்டுப் போகும். வயதும் நிறமும் ஒத்துப்போகிற ஜோடியாகப் பார்த்துக் கோக்க வேண்டும், அவ்வளவுதான்.

கருவிக்குள் வேறு தொல்லைகள். கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் எப்போதும் பற்றாக்குறை. இருட்டில் அசையாமல் மல்லாந்து படுக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் கண் அயர்ந்துவிடும். படம் மாறும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வது இதற்காகத்தான். பால் கொடுத்து முடித்த கையோடு படுக்கவைப்பது நல்லது. மார்பு கட்டியிருந்தால் தாய் நெளிவார், தலை அசையும். தலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தப் பதிவின் தரவைத் தூக்கிப்போட வேண்டிவரும்.

கழித்த பின் மிஞ்சியது

தாய் ஒருவர் தன் குழந்தையின் சிரித்த முகத்தைப் பார்க்கும்போது கண் வேலை செய்கிறது, இது முகம் என்று அறியும் பகுதி வேலை செய்கிறது, குழந்தை என்று அறிவதும், சிரிப்பு என்று அறிவதும் நடக்கின்றன. பாத்திரத்தோடு எடை போட்டுப் பாத்திரத்தின் எடையைக் கழிப்பது போல, பிறர் குழந்தையின் சிரித்த முகத்துக்கு வந்த எதிர்வினையைக் கழித்தால் இவையெல்லாம் போய்விடும். மிஞ்சுவது, ‘என்னுடையது’ என்பதால் வந்தது.

அப்படிக் கழித்தபோது மிஞ்சியவை: நடுமூளையில் வெண்ட்ரல் டெக்மெண்டல் பகுதியும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவும், அவற்றிலிருந்து நரம்பிழைகள் போய்ச் சேரும் ஸ்ட்ரையேட்டம், முன்மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய நடுப்பகுதி, ஆன்டீரியர் சிங்குலேட், இன்சுலா, திட்டமிடலோடு தொடர்புடைய பக்கவாட்டுப் பகுதி, கடைசியாக, கைகால்களை இயக்கும் பகுதி. பார்வைக்கு மட்டுமல்ல, செயலுக்கும் மூளை ஆயத்தமாகிறது என்பதை அந்தக் கடைசிப் பகுதி காட்டுகிறது.

முகபாவம் வாரியாகப் பிரித்தால்தான் சுவாரசியம். சப்ஸ்டான்ஷியா நைக்ராவும் ஸ்ட்ரையேட்டத்தைச் சேர்ந்த புட்டமெனின் மேற்பகுதியும் தன் குழந்தை சிரித்த படத்துக்கு மட்டும் தெளிவாக எதிர்வினை காட்டின. சும்மா இருக்கும் முகத்துக்கோ அழுமூஞ்சிக்கோ இல்லை. அந்தப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு, சும்மா, அழுகை என்ற வரிசையில் அளவு படிப்படியாக இறங்கியது.

இதைப் படித்து, அழும் குழந்தையைத் தாயின் மூளை கண்டுகொள்வதில்லை என்று முடிவுகட்டினால் தவறு. இந்த ஒரு நரம்புப் பாதை சிரிப்புக்கு அதிகம் இசைகிறது என்பது மட்டுமே பொருள். அழுகைக்கு வேறு பகுதிகள் இருக்கின்றன. தவிர, இங்கே காட்டியது சத்தமில்லாத அசையாப் படம். அழுகையின் வலு சத்தத்தில் இருக்கிறது.

‘போதை’ என்ற சொல்லுக்கு வருவோம். டோபமைனை இந்த ஆய்வில் யாரும் அளக்கவில்லை. டோபமைன் நரம்பணுக்கள் அடர்ந்த இடத்தில் இரத்த ஓட்டம் மாறியது, அவ்வளவே. அந்த இடமும் சில மில்லிமீட்டர் அகலந்தான், எஃப்.எம்.ஆர்.ஐ. ஒரு புள்ளியாகக் கொள்ளும் கனசதுரமே பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. போதாததற்கு, மூளைத்தண்டுக்கு அருகில் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் திசு லேசாக அதிரும். நடுமூளை முடிவு எதையும் படிக்கும்போது இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பழக்கமா, பாசமா

ஹூஸ்டன் வடிவமைப்பில் ஓர் ஓட்டை உண்டு. தன் குழந்தை தாய்க்கு அன்றாடம் பழகிய முகம், பிறர் குழந்தை புதுமுகம். மிஞ்சியது பாசமா, வெறும் பழக்கமா?

இதற்கு 2004-இலேயே லண்டனில் ஆந்திரேயாஸ் பார்ட்டெல்ஸ், செமிர் ஸெக்கி இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். 20 தாய்மாருக்குத் தங்கள் குழந்தையையும், அதே அளவு காலமாகத் தெரிந்த, அதே வயதுள்ள மற்றொரு குழந்தையையும் காட்டினார்கள். பழக்கத்தைக் கழித்த பிறகும் ஸ்ட்ரையேட்டம் உள்ளிட்ட பகுதிகள் நின்றன. அதைவிடச் சுவையான செய்தி, சில பகுதிகள் அடங்கின என்பது. பிறரை எடைபோடுவது, அவர்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது போன்ற வேலைகளோடு இணைத்துப் பேசப்படும் பகுதிகள் அவை. தன் குழந்தையைப் பார்க்கும்போது குறை காணும் வேலை ஓய்வெடுக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நாம் வெகுநாளாகச் சொல்வதுதான்.

அழுகைச் சத்தம்: கழிப்பது இங்கே இன்னும் கடினம்

அழுகையை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் முதலில் சோதித்தவர் ஜெஃப்ரி லோர்பர்பாம். 1999-இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில் நான்கே தாய்மார். அழுகையைக் கேட்கவைத்து, சீரான இரைச்சலோடு ஒப்பிட்டார். ஆன்டீரியர் சிங்குலேட்டில் மாற்றம் தெரிந்தது. பாலூட்டிகளின் தாய்மைக்கு இந்தப் பகுதி அடித்தளம் என்று மூளை ஆய்வாளர் பால் மக்லீன் முன்பே கருதியிருந்தார், அதற்கு இது பொருந்தியது.

ஆனால் சீரான இரைச்சல் அழுகைக்கு ஏற்ற எதிர்த்தட்டு இல்லை. அழுகை ஏறி இறங்கும், மூச்சு வாங்க நிற்கும், மறுபடி வீறிடும். தொலைக்காட்சியில் நிலையம் இல்லாதபோது வரும் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தத்தில் இதெல்லாம் ஏது? கழித்தால் மிஞ்சுவதில் ஏற்ற இறக்கத்துக்கான எதிர்வினையும், குரல் என்பதற்கான எதிர்வினையும், குழந்தை என்பதற்கானதும் எல்லாம் கலந்து கிடக்கும். பின்னர் வந்தவர்கள் அழுகையின் ஏற்ற இறக்க வடிவத்தையே இரைச்சல்மேல் ஏற்றிப் பயன்படுத்தினார்கள், அல்லது பிறர் குழந்தையின் அழுகையை எதிரே வைத்தார்கள்.

பதிவு செய்யும்போது கெடும் இடங்கள் இவை. மைக்கின் தூரம் வீட்டுக்கு வீடு மாறினால் சத்தத்தின் அளவும் எதிரொலியும் மாறும். மைக்கை ஒரே தூரத்தில், சுமார் ஓர் அடியில், நிறுத்த வேண்டும். எல்லாப் பதிவுகளையும் சராசரி ஆற்றல் அளவில் சமப்படுத்த வேண்டும். உச்சத்தை மட்டும் சமப்படுத்தினால், ஒரே ஒரு வீறல் உள்ள பதிவு மொத்தத்தில் மெல்லியதாகிவிடும். எதற்காக அழுத அழுகை என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குழந்தையின் டயபர் மாற்றும் சிணுங்கலையும் மற்றொன்றின் தடுப்பூசி வீறலையும் எதிரெதிரே வைத்தால், தாய் தன் குழந்தையை அடையாளம் கண்டதை அளக்கிறோமா, வலியின் அளவையா? எம்.ஆர்.ஐ. கருவியோ ஓடும்போது 100 டெசிபலைத் தாண்டி இரையக்கூடியது. கைக்குழந்தை அழுகையின் அடிப்படை அதிர்வெண் பொதுவாக 400–500 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். கருவியின் இரைச்சல் அதை மூழ்கடிக்கலாம். படம் பிடிப்பதைச் சில விநாடி நிறுத்தி, அந்த அமைதியில் அழுகையை ஒலிக்கவிட்டு, இரத்த ஓட்டம் உச்சம் தொடும் நேரத்தில் மறுபடி பிடிப்பது ஒரு வழி. பலர் நல்ல காதடைப்பு ஹெட்ஃபோனை நம்பியே விட்டுவிடுகிறார்கள். எப்படியானாலும் முடிந்ததும் தாயிடம் கேட்டுவிட வேண்டும்: உங்கள் குழந்தையின் குரல் எது என்று தெரிந்ததா? சிலர் தெரியவில்லை என்பார்கள். அவர்கள் தரவில் ‘தன் குழந்தை’ என்ற வகையே கிடையாது.

அழுகைக்குத் தாய் என்ன செய்கிறார் என்பதையும் மூளையில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துவைத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் மார்க் போர்ன்ஸ்டீன் குழுவினருடையது. கேமரூன், கென்யா, ஜப்பான், பிரேசில் உள்ளிட்ட 11 நாடுகளில் 684 தாய்மாரைக் கவனித்தார்கள். எங்கும் குழந்தை அழுதால் தாய்மார் முதன்மையாகச் செய்தது இரண்டுதான்: தூக்கி அணைத்தார்கள், பேசினார்கள். கொஞ்சுவது, வேடிக்கை காட்டுவது, பால் கொடுப்பது போன்றவை பின்தங்கின. பிறகு அமெரிக்காவில் 43 முதல்முறைத் தாய்மாருக்கு அவரவர் குழந்தையின் அழுகையைக் கேட்கவைத்து எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அசைவைத் தொடங்கிவைக்கும் துணை இயக்கப் பகுதியும், பேச்சோடு தொடர்புடைய கீழ் முன்மூளைப் பகுதியும், கேட்டலுக்கான பகுதிகளும், நடுமூளையும் ஸ்ட்ரையேட்டமும் முன்வந்தன. கை நீளுவதற்கும் வாய் திறப்பதற்குமான இடங்கள். சீனா, இத்தாலியைச் சேர்ந்த 50 தாய்மாரிடமும் இதே கிடைத்தது. தாயாகாத பெண்களின் மூளை வேறுவிதமாக நடந்துகொண்டது. என் கணிப்பில் இந்தத் துறையில் மிக உறுதியாகக் காலூன்றி நிற்கும் முடிவு இதுதான். நடத்தையையும் மூளையையும் ஒரே கேள்வியில் கட்டிப்போட்டது இதன் பலம்.

தாய்க்குத் தாய் வேறுபாடு

ஸ்ட்ராத்தேர்ன் குழு 2009-இல் தன் வேலையை ஒரு படி நீட்டியது. 30 முதல்முறைத் தாய்மார். தங்கள் பெற்றோரிடம் அவர்களுக்கிருந்த பிணைப்பு எப்படிப்பட்டது என்பதை நீண்ட நேர்காணல் ஒன்றால் வகைப்படுத்தினார்கள். பாதுகாப்பான பிணைப்புள்ள தாய்மாரிடம் தன் குழந்தை சிரித்தாலும் அழுதாலும் ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதியும், தாய்மையோடு இணைத்துப் பேசப்படும் ஹார்மோனான ஆக்ஸிடோசினோடு தொடர்புடைய ஹைப்போதலாமஸ்–பிட்யூட்டரி பகுதியும் கூடுதலாக எதிர்வினை காட்டின. குழந்தைக்கு 7 மாதமானபோது அதோடு நேரில் இருக்கையில் இரத்தத்தில் ஆக்ஸிடோசின் ஏறியதும் அவர்களிடமே அதிகம். பெற்றோரோடுள்ள பிணைப்பைப் பொருட்படுத்தாமல் பேசிய தாய்மாரிடம் குழந்தையின் அழுமூஞ்சிக்கு இன்சுலா கூடுதலாக எழுந்தது.

இன்சுலா என்றவுடன் ‘அருவருப்பு’ என்று எழுதுவோர் உண்டு. வலி, பசி, இதயத்துடிப்பை உணர்தல், பிறர் துன்பம் கண்டு பதறுதல் என்று பலவற்றுக்கும் எழும் பகுதி அது. ஒரு பகுதி எழுந்ததை வைத்து மனத்தில் இருந்தது இன்னதென்று பின்னோக்கி ஊகிப்பது இந்தத் துறையில் அடிக்கடி வழுக்கும் இடம்.

வழுக்க இன்னோர் இடம், சிறிய எண்ணிக்கை. சுகப்பிரசவமான தாய்மாருக்குச் சிசேரியன் தாய்மாரைவிடத் தன் குழந்தையின் அழுகைக்கு மூளை எதிர்வினை அதிகம் என்று 2008-இல் ஜேம்ஸ் ஸ்வெய்ன் குழு வெளியிட்டது. பக்கத்துக்கு ஆறு பேர், மொத்தம் 12. பிரசவமாகி 2–4 வாரத்தில் எடுத்தது. வயிற்றில் தையலும் வலி மாத்திரையுமாக இருந்திருக்கக்கூடிய நேரம். சிசேரியன் செய்துகொண்டவரைக் குற்றவுணர்வில் தள்ள இந்த 12 பேர் போதாது. மூளைப் படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருப்பதால், இத்தனை புள்ளிகளைச் சோதிப்பதற்கேற்ற புள்ளியியல் திருத்தம் செய்யாமல் தேடினால் எங்காவது ஏதாவது மினுங்கத்தான் செய்யும். கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளர் 2009-இல் ஒரு செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையிலும் ‘செயல்பாடு’ வருவதைக் காட்டியிருக்கிறார்.

யேல் பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வு கழித்தல் பிரச்சினையை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. நிக்கோல் லாண்டி குழுவினர் 54 தாய்மாரைப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களில் சோதித்தார்கள். போதைப் பொருள் பயன்படுத்திய 26 பேருக்கு, பயன்படுத்தாத 28 பேரைவிட, குழந்தை முகங்களுக்கும் அழுகைக்கும் முன்மூளை, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா, நினைவோடு தொடர்புடைய பாராஹிப்போகாம்பஸ் பகுதிகளில் எதிர்வினை குறைவு. அழுகைக்குக் கேட்டல் பகுதியும் இன்சுலாவும்கூடத் தணிந்திருந்தன. ஆனால் காட்டியவை எல்லாருக்கும் பொதுவான, தெரியாத குழந்தைகளின் முகங்கள். எல்லாத் தாய்மாருக்கும் ஒரே தூண்டல் கிடைப்பது இதில் வசதி. ‘என் குழந்தை’ என்ற கேள்வியே கேட்கப்படவில்லை என்பது விலை. புகையிலை முதல் கொக்கெயின் வரை ஒரே குழுவில் இருந்தன. இவர்கள் பிள்ளைபெறும் முன்பே இப்படித்தானா என்பதற்கும் இந்த அமைப்பில் விடை கிடைக்காது.

‘என் குழந்தை’ என்ற கேள்வியை 2017-இல் வேறோர் ஆய்வில் கேட்டார்கள்: போதையிலிருந்து மீள விடுதிச் சிகிச்சையில் இருந்த தாய்மாருக்கு அவரவர் குழந்தையின் சிரித்த படம், ஹூஸ்டன் முறையில், தெரியாத குழந்தையைக் கழித்து. ஹைப்போதலாமஸ், ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதி, முன்மூளையின் உள்கீழ்ப் பகுதி மூன்றிலும், தன் குழந்தைக்கு வர வேண்டிய கூடுதல், பிற தாய்மாரை ஒப்பிடத் தணிந்திருந்தது. சிகிச்சை தருவோருக்கு இது பயன்படும். குழந்தை சிரித்தும் தாய் முகம் மலராவிட்டால், அதை மனமில்லாமை என்று எடுத்துக்கொண்டு அதட்டுவதில் பொருளில்லை.

ஒரு தாய், ஒரு ஸ்கேன்

மேலே சொன்ன எல்லாம் குழுச் சராசரிகள். குழந்தை விஷயத்தில் முடிவெடுக்க ஒரு குறிப்பிட்ட தாயின் ஸ்கேனைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. தூண்டல் காட்டி எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. அளவுகளை அதே ஆளிடம் மறுபடி எடுத்தால் எவ்வளவு ஒத்துப்போகும் என்று 90 சோதனைகளைத் திரட்டி 2020-இல் கணக்கிட்டார்கள். முழுதாக ஒத்துப்போனால் 1 என்று வைத்துக்கொண்டால், சராசரியாகக் கிடைத்தது 0.397. மருத்துவச் சோதனைக்கு 0.75-க்குக் குறையாமல் எதிர்பார்ப்பது வழக்கம். இந்த வாரம் கருவியில் மந்தமாகத் தெரிந்த தாய் அடுத்த வாரம் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தால் வேறு படம் கிடைக்கலாம். தாயும் மாறவில்லை, குழந்தையும் மாறவில்லை.